அம்பா கொடுத்த சிறுநீரகம்

பத்மாசினியின் அடிவயிற்றில் வலப்பக்கம் கை வைத்துப் பார்த்தால் ஒரு சிறு மேடு தட்டுப்படும். பிறவியிலேயே வந்ததல்ல. அவளுடைய இருபத்தெட்டாவது வயதில் டாக்டர்கள் அங்கே வைத்துத் தைத்தது. அது அவளுடைய அம்மாவின் சிறுநீரகம்.

மதுரையில் காமராசர் சாலையிலிருந்து தெப்பக்குளத்துப் பக்கம் பிரிகிற ஒரு சந்தில், மாடிப் போர்ஷனில் அவர்கள் குடியிருந்தார்கள். வீட்டுக்குள் சௌராஷ்டிர பாஷை, வாசலைத் தாண்டினால் மதுரைத் தமிழ். அம்மாவை வீட்டில் அம்பா என்றுதான் கூப்பிடுவார்கள். அம்பாவின் பெயர் தாராபாய். அப்பா காலமானபோது பத்மாசினி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். தம்பி ராஜேஷ்குமார் அவளைவிடச் சின்னவன். அம்பா ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குப் போய் இரண்டு பேரையும் ஆளாக்கினாள். படிப்பு முடிந்ததும் பத்மாசினி மாசி வீதிப் பக்கம் ஓர் அச்சகத்தில் டிசைனராகச் சேர்ந்தாள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பிளக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் செய்வாள். மதுரையில் யார் பிறந்தாலும் இறந்தாலும் சுவரில் படம் வரவேண்டும் என்பதால் அந்த வேலைக்கு ஓய்வே கிடையாது.

கால் வீங்க ஆரம்பித்தபோது நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதால்தான் என்று நினைத்தாள். பிறகு சோற்றைக் கண்டாலே குமட்டியது. ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப் போயிருந்தன; டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். அப்போது அவளுக்கு ஒரு வரன் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. விஷயம் தெரிந்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் வேண்டாமென்று சொல்லவில்லை. அவர்களிடமிருந்து போன் வருவது மட்டும் நின்றுவிட்டது.

அம்பா தானாகவே டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

“எங்கிட்ட இருந்து எடுத்துக்கங்க. குரூப்பு ஒண்ணுதான்.”

“உங்க வயசுக்கு நல்லா யோசிச்சு முடிவு பண்ணணும்மா.”

“பெத்தப்ப முழுசாக் குடுத்தேன் சார். இப்ப ஒண்ணே ஒண்ணு குடுக்கிறதுக்கு என்ன யோசனை?”

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. வீட்டுக்கு வந்த பிறகு அம்பாவுக்கு ஒரு வழக்கம் வந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் பத்மாசினியின் வயிற்றில் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து, “தாரா என்ன பண்றா? தூங்குறாளா, வேலை பாக்குறாளா?” என்று கேட்பாள். தன் பெயரையே அதற்கு வைத்துவிட்டாள். பத்மாசினி கையைத் தட்டிவிட்டுச் சிரிப்பாள். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்பா வண்டியூர் மாரியம்மன் கோயிலுக்குப் போவாள். அங்கிருந்து குங்குமம் கொண்டுவந்து நெற்றியில் கொஞ்சம், வயிற்றில் கொஞ்சம் வைத்துவிடுவாள்.

உடம்பு இன்னொருவர் உறுப்பை ஏற்றுக்கொள்ள வேண்டுமானால் அதன் எதிர்ப்புச் சக்தியை மாத்திரையால் அடக்கி வைக்க வேண்டும். காலை எட்டுக்கு ஒருமுறை, இரவு எட்டுக்கு ஒருமுறை. நேரம் தவறக்கூடாது. அம்பா அதில் கண்டிப்பு. போனில் அலாரம் அடிப்பதற்கு முன்பே தம்ளரில் தண்ணீரோடு வந்து நிற்பாள்.

கொரோனாவின் இரண்டாவது அலையில் அம்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. எதிர்ப்புச் சக்தி இல்லாத மகளை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்ல, பத்மாசினி கோச்சடையில் தம்பியின் நண்பன் காலி செய்து வைத்திருந்த வீட்டுக்குப் போனாள். அம்பாவை ஆம்புலன்சில் ஏற்றியதை அவள் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சாயங்காலம் அம்பாவே போன் செய்தாள். மூச்சு வாங்கியது. பேச்சு விட்டு விட்டு வந்தது.

“எட்டு மணி மாத்திரை போட்டியா?”

“இன்னும் நேரம் ஆகல அம்பா.”

“போட்டுரு.”

அதற்குப் பிறகு அம்பா பேசவில்லை. தத்தனேரி மயானத்துக்கு ராஜேஷ்குமார் மட்டும் போனான். அவனையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார்கள். அக்கா பார்க்கட்டும் என்று வீடியோ கால் போட்டான். வெள்ளைத் துணியில் எதையோ சுற்றித் தூக்கிப் போவது தெரிந்தது. சிக்னல் இல்லாமல் படம் அப்படியே உறைந்து நின்றது. பத்மாசினி உறைந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் போனில் சார்ஜ் தீர்ந்தது.

அந்த வாரம் அச்சகத்திலிருந்து கண்ணீர் அஞ்சலி வேலையாகவே வந்துகொண்டிருந்தது. லேப்டாப்பில் உட்கார்ந்து முகங்களை வெட்டி ஒட்டினாள். அவற்றுக்கு நடுவில் அம்பாவின் படத்தையும் எடுத்து வைத்தாள். பின்னால் தெரிந்த சமையலறை அலமாரியை அழித்தாள். தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகளையும் அடித்தாள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தாள். அனுப்பிவிட்டு, அடுத்த ஆளின் படத்தைத் திறந்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

அதன் பிறகு அவளுக்கு எதுவும் வரவில்லை. கோபம்கூட வரவில்லை. வீட்டுக்குத் திரும்பியதும் சாமி அலமாரியைத் துடைத்தாள், விளக்கு ஏற்றவில்லை. ஏற்றக்கூடாது என்று முடிவெடுத்ததாகவும் சொல்ல முடியாது. கை அந்தப் பக்கம் போகவில்லை, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைகள் மற்ற கிழமைகளைப் போலவே போயின. மாத்திரையை மட்டும் அவள் தவறவிடவில்லை. எட்டு மணிக்கு எழுந்துபோய்த் தண்ணீர் எடுத்து விழுங்கிவிட்டு, கையை வயிற்றின் வலப்பக்கம் வைத்துக்கொள்வாள். எரிந்து போனது போக அம்பாவில் மிச்சமிருப்பது அங்கே வேலை செய்துகொண்டிருந்தது.

மறு வருடக் கடைசியில் அதுவும் நின்றுபோனது. மெல்ல மெல்ல உடம்பு அதை நிராகரித்திருக்கிறது என்றார் டாக்டர்.

“நீங்க எந்தத் தப்பும் பண்ணல. மாத்திரை ஒழுங்காத்தான் எடுத்திருக்கீங்க. சில பேருக்கு இப்பிடி ஆயிரும்.”

“சரி சார்.”

“மறுபடி டயாலிசிஸ் ஆரம்பிக்கணும்.”

“சரி.”

டாக்டர் அவளையும் பக்கத்தில் நின்ற தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். ராஜேஷ்குமார்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனால் கொடுக்க முடியாது. முப்பது வயதிலேயே அவனுக்குச் சர்க்கரை வந்திருந்தது.

வாரத்துக்கு மூன்று நாள் காலையில் அவள் டயாலிசிஸ் பிரிவுக்குப் போனாள். இடது கையில் தடித்துப் புடைத்திருந்த நரம்பில் இரண்டு ஊசி ஏற்றி, ரத்தத்தை ஒரு குழாய் வழியாக வெளியே எடுத்துச் சுத்தம் செய்து இன்னொரு குழாய் வழியாக உள்ளே விடுவார்கள். மெஷினில் உருளை சுற்றிக்கொண்டே இருக்கும். முடியும்போது வாய் காய்ந்து, காலில் குரக்களி இழுக்கும். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் அன்றைய பொழுது முடிந்துவிடும். குடிக்கிற தண்ணீருக்கு அளவு. சாப்பிடுகிற பழத்துக்கு அளவு. கிடைத்த நேரத்தில் வீட்டிலிருந்தே போஸ்டர் வேலை செய்தாள்.

பக்கத்துப் படுக்கையில் கண்ணுச்சாமி. வாடிப்பட்டியைத் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து விடியற்காலைப் பஸ் பிடித்து வருவார். அவருடைய தாத்தாவும் அப்பாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு இறங்கியவர்கள். கண்ணுச்சாமிதான் முதன்முதலில் தன் பெயருக்கு நிலம் வாங்கினார். நெல்லும் வாழையும் போட்டு நிமிர்ந்த சமயத்தில் சிறுநீரகம் போய்விட்டது. ஆள் பேச்சை நிறுத்த மாட்டார். மெஷின் ஓடுகிற நேரம் முழுக்க வயலைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் பேசுவார்.

“எங்க கெணத்துல தண்ணி தளும்பிக்கிட்டுக் கெடக்கு தங்கச்சி. ஆனா நாக்க நனைக்கிற அளவுதான் நான் குடிக்கலாமாம். நல்லாயிருக்கா கத?”

“எனக்கும் அம்புட்டுத்தான்ணே” என்பாள் பத்மாசினி. அவரோடு அவள் பேசியது பெரும்பாலும் அந்த அளவுதான். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

அடுத்த வருடம் அவளுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தது. வயிற்றின் வலப்பக்கம் வீங்கி, தொட்டால் சுட்டது. ரத்த அளவு இறங்கிக்கொண்டே போனது. பழைய ஆபரேஷனைச் செய்த குழுவில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். அவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு விளக்கினார்.

“உள்ள இருக்கிற கிட்னி செத்துப்போச்சும்மா. செத்தாலும் பல பேருக்கு அது சும்மா இருக்கும். உங்க உடம்பு சும்மா விடல. அதோட சண்டை போட்டுக்கிட்டே இருக்கு. காய்ச்சல், ரத்தம் குறையிறது எல்லாம் அதனாலதான். எடுத்துறணும்.”

“வேணாம் மேடம்.”

“ஏன்?”

பத்மாசினி வயிற்றின் வலப்பக்கம் கையை வைத்துக்கொண்டாள். ராஜேஷ்குமார்தான் மெதுவாகச் சொன்னான், “எங்கம்மாவுது மேடம்.”

டாக்டர் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. அதிக நாள் தள்ளிப்போட வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். வீட்டில் தம்பி கெஞ்சினான், கோபப்பட்டான், தன் மனைவியை விட்டுப் பேசச் சொன்னான். பத்மாசினி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டாள். மறுநாள் அச்சகத்துக்கு ஒரு வளைகாப்பு பிளக்ஸ் செய்து அனுப்பினாள்.

ஒருநாள் டயாலிசிஸ் நடக்கும்போதே குளிர் கண்டது. கட்டில் ஆடுகிற மாதிரி உடம்பு தூக்கிப் போட்டது. பிரஷர் இறங்கிக்கொண்டே வந்தது. டெக்னீஷியன் நாகஜோதி ஓடிவந்து தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, “அக்கா, என்னைப் பாருங்க. கண்ணை மூடாதீங்க. பேசுங்கக்கா” என்றாள். பத்மாசினிக்கு அவள் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. பயம் இல்லை. இப்படியே போய்விட்டால் போகலாம் என்றிருந்தது. அவ்வளவு லேசாக இருந்தது.

அப்போது வலி அவளை இழுத்தது. வலக்கை தன்னை அறியாமல் வயிற்றை அழுத்திப் பிடித்திருந்தது. அழுத்திய இடத்தில் நெருப்பு வைத்தாற்போல் இருந்தது. நினைவு திரும்பி வர வர அந்த வலி மட்டும் தெளிவாகத் தெரிந்தது. கையை எடுத்தாள். எடுத்ததும் கொஞ்சம் குறைந்தது. மூச்சு வாங்கியபோதும் மாத்திரை போட்டாயா என்று கேட்ட அம்பா, தன் மகளை இப்படி வலிக்கவிட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்க மாட்டாள். அந்த எண்ணம் யாரோ வந்து சொன்னது போல வரவில்லை. மேஜை மேல் கிடந்த பொருள் கண்ணில் பட்டது போல வந்தது. அவள் இவ்வளவு நாளும் பிடித்துக்கொண்டிருந்தது அம்பாவை அல்ல.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் டாக்டரிடம் போனாள்.

“எடுத்துருங்க மேடம். ஆனா எடுத்ததை எங்கிட்டக் குடுக்கணும்.”

டாக்டர் சற்று யோசித்தார். “டெஸ்டுக்கு அனுப்பிட்டுத்தான் தர முடியும். மருந்துத் தண்ணியில போட்டு வச்சிருப்பாங்க. எரிக்க வேண்டாம், ஆழமாப் புதைச்சிருங்க. எழுதிக் குடுங்க, நான் பாத்துக்கிறேன்.” பிறகு இன்னொன்றும் சொன்னார். “எடுத்த பிறகு அடுத்தது பொருந்துறது கொஞ்சம் கஷ்டமாகலாம். அதையும் இப்பவே சொல்லிடறேன்.”

“அடுத்தது வேணாம் மேடம்.”

அவளுக்கு அதில் ஒரு காரணம் இருந்தது. வீட்டில் கொடுக்க ஆள் இல்லை. மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து கிடைப்பதற்கு அரசாங்கப் பட்டியலில் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். யாரோ ஒருவர் சாகவேண்டும் என்று காத்திருப்பதுதானே அது. தினமும் அவள் திரையில் இளம் பிள்ளைகளின் முகங்கள் வந்தன. பைக்கில் சாய்ந்து நிற்கிற படம், கூலிங்கிளாஸ் போட்ட படம். ஒருமுறை அப்படி ஒருவனின் முகத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது, இவனுடையது நல்ல நிலையில் இருந்திருக்குமே என்று தோன்றிவிட்டது. எழுந்துபோய் வாந்தி எடுத்தாள். அதற்கப்புறம் அந்தப் பட்டியலைப் பற்றி யார் பேசினாலும் வாயை மூடிக்கொள்வாள்.

ஆபரேஷன் முடிந்து காய்ச்சல் விட்டது. தையல் ஆறியது. வயிற்றின் வலப்பக்கம் கை வைத்தால் மேடு இல்லை, பள்ளமாக இருந்தது. சில வாரங்களில் ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளை மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தார்கள். ராஜேஷ்குமார் அதை ஒரு துணிப்பையில் வைத்து வண்டியில் மாட்டிக்கொண்டு வந்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது, புதைக்க இடம் எங்கே இருக்கிறது? மாடிப் போர்ஷன். சந்து முழுக்க சிமென்ட். புரோகிதருக்குப் போன் போட்டுக் கேட்டான். தனக்குத் தெரிந்து இதற்கு முறை எதுவும் இல்லை, மனசுக்குச் சரியென்று படுவதைச் செய்யுங்கள் என்றார் அவர்.

மறுநாள் டயாலிசிசில் பத்மாசினி அதைக் கண்ணுச்சாமியிடம் சொன்னாள். யோசனை கேட்கவில்லை. அவர் வழக்கம்போல என்ன விசேஷம் என்று கேட்க, அவளும் சொல்லிவிட்டாள்.

கண்ணுச்சாமி அவள் பக்கம் தலையைத் திருப்பினார்.

“எங்க தோட்டத்துல வைக்கலாமா?” என்றார். “உங்க வீட்டுல ஒண்ணும் சங்கடமா நெனைக்கலன்னா.”

“எங்களுக்கு என்னண்ணே சங்கடம்? உங்களுக்குத்தான்.”

“நல்லாருக்கே. ஆத்தாவுக்கு எடங் குடுக்க யாராச்சும் சங்கடப்படுவாகளா? ஞாயித்துக்கெழம வாங்க.”

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் தம்பியும் போனார்கள். கண்ணுச்சாமியின் மனைவி சுந்தரம்மாள் ரோட்டுக்கே வந்து கூட்டிப்போனாள். வரப்பில் நடக்கும்போது பத்மாசினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கிணற்றுக்கு மேற்கே, ஏர் படாத ஓரத்தில் இடம் பார்த்து வைத்திருந்தார்கள். கண்ணுச்சாமி ஊசி போடுகிற கையை வைத்துக்கொண்டு மண்வெட்டி பிடிக்கக்கூடாது. சுந்தரம்மாள்தான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குழி வெட்டினாள். ராஜேஷ்குமார் மண்வெட்டியை வாங்க வந்தபோது, “நீங்க தள்ளிக்கங்க தம்பி, கொப்புளம் போட்ரும்” என்றாள். இடுப்பளவு வந்த பிறகுதான் நிறுத்தினாள்.

டப்பாவின் மூடியைத் திறந்தபோது மருந்து நெடி கண்ணைக் கரித்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் கெட்டியாக, சின்னதாக ஒன்று கிடந்தது. பரிசோதனைக்கு வெட்டிய கீறல்கள் இருந்தன. தாரா என்று கூப்பிட்டால் இது எப்படித் திரும்பிப் பார்க்கும் என்று பத்மாசினிக்குத் தோன்றியது. ராஜேஷ்குமார் கையுறை போட்டுக்கொண்டு அதைக் குழியில் வைத்தான்.

“ஆத்தா பேரு என்ன தாயி?” என்று கேட்டாள் சுந்தரம்மாள்.

“தாராபாய்.”

சுந்தரம்மாள் ஒரு கை மண்ணை எடுத்துப் போட்டாள். “தாராபாயம்மா, இனிமே உங்களுக்கு ஒரு வேலையும் இல்ல. செய்யவேண்டியதப் பூராம் செஞ்சுட்டீக. ஒறங்குங்க. உங்க மகள நாங்க பாத்துக்கிறோம்” என்று, எதிரில் இருப்பவரிடம் சொல்வதுபோல் சொன்னாள்.

தம்பி உடைந்து அழுதான். தத்தனேரியில் தள்ளி நின்றவனுக்கு இப்போதுதான் அருகில் நிற்கக் கிடைத்தது. பத்மாசினி மண்ணை இரண்டு கையாலும் தள்ளினாள். ஈர மண் நகக்கண்ணில் ஏறியது. அழுகை அப்போதும் வரவில்லை. ஆனால் அன்றிரவு அவள் இடையில் விழிக்காமல் தூங்கினாள். அப்படித் தூங்கி வெகுநாள் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு உடனே எதுவும் மாறிவிடவில்லை. ஊசி, மெஷின், குரக்களி, போஸ்டர். மழைக்காலம் வந்து போனது. கண்ணுச்சாமி கிணற்று மேட்டில் புல் முளைத்திருப்பதைச் சொன்னார். சரி என்று கேட்டுக்கொண்டாள்.

தை மாதத்தில் ஒரு மத்தியானம் அச்சகத்திலிருந்து ஒரு வேலை வந்தது. உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். மகன் ரோட்டில் அடிபட்டு இறந்துவிட்டான். வாசகத்தில் ஏதோ சேர்க்கவேண்டுமாம், நேராகப் பேசிக்கொள் என்று நம்பர் அனுப்பியிருந்தார்கள். பேசியவர் பெயர் விருமாண்டி. பையனின் அப்பா.

“கீழ ஒரு வரி போடணும்மா. எப்பிடி எழுதுறதுன்னு எனக்குத் தெரியல. அவனோட கண்ணு, கிட்னி, ஈரல் எல்லாம் குடுத்துட்டோம். அதப் போடணும். பெருசா வேணாம். சின்னதாப் போட்டாப் போதும்.”

பத்மாசினியின் கை கீபோர்டின் மேல் நின்றது.

“நீங்களாக் குடுத்தீங்களாய்யா?”

“ஆஸ்பத்திரியில கேட்டாக. எனக்கு ஒண்ணும் ஓடல. அவன் ஆத்தாதான் சரின்னா. எம் பிள்ள எங்கிட்டாவது இருந்துட்டுப் போகட்டும்னா.” பிறகு கேட்டார், “தப்பில்லையேம்மா?”

தன்னிடம் ஏன் இதைக் கேட்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. பெயர் தெரியாதவள், போஸ்டர் அடிக்கிறவள். ஆனால் அவருக்குப் பதில் சொல்ல அந்த நேரத்தில் வேறு யாரும் இல்லை.

“தப்பே இல்லைய்யா” என்றாள். “எனக்கு எங்கம்மா குடுத்தாங்க. அஞ்சாறு வருஷம் நல்லா இருந்தேன். தண்ணி குடிச்சேன். வேலைக்குப் போனேன். தினமும் அவங்களை நெனச்சேன். உங்க மகனையும் யாராவது தினமும் நெனப்பாங்க.”

மறுமுனையில் அந்த மனிதர் விம்முவது கேட்டது. அவள் போனை வைக்காமல் காத்திருந்தாள்.

‘தன் உறுப்புகளைத் தானமாகத் தந்து பலருக்கு உயிர் தந்தவன்’ என்று அடித்தாள். பையனின் முகத்தை வெட்டும்போது இந்தத் தடவை கை அவசரப்படவில்லை. காதோரம் இருந்த ஒரு முடிக்கற்றையைக்கூட விடாமல் வெட்டினாள்.

அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியூர் மாரியம்மன் கோயிலுக்கு நடந்தாள். தெப்பக்குளத்தில் தண்ணீர் நிறையக் கிடந்தது, சுற்றுச்சுவரில் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கோயிலில் கூட்டம். தள்ளிக்கொண்டு முன்னால் போகிற தெம்பு அவளுக்கு இல்லை. தூணோரம் நின்றாள். என்ன கேட்பது என்று தெரியவில்லை. எனக்கு ஒன்று கொடு என்று கேட்டால் ஒரு வீட்டில் பிள்ளையை எடு என்று கேட்பதாகிவிடும் என்று இவ்வளவு நாளும் பயந்திருந்தாள். அந்தச் சாவுகள் அவள் கேட்டு வரவில்லை, அவள் கேட்காவிட்டாலும் நிற்கப்போவதில்லை. சாவுக்குப் பிறகும் ஒரு தாய் சரியென்று சொல்வது மட்டுமே மனிதர் கையில் இருந்தது. அதைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

‘எந்த வீட்டுக்கும் அந்த நாள் வரவேண்டாம் தாயே’ என்று வேண்டிக்கொண்டாள். ‘வந்துவிட்டால் அந்த வீட்டுக்காரர்கள் கூடவே இரு.’ அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. உள்ளே ஒன்றும் பொங்கவில்லை. நின்ற இடத்தில் கால் உறுதியாக இருந்தது. குங்குமத்தை நெற்றியில் மட்டும் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

அடுத்த வாரம் நாகஜோதியிடம் பட்டியலில் பதிவதற்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். நாகஜோதி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். “நானே கூட்டிட்டுப் போறேன்க்கா” என்றாள்.

பதிந்த பிறகும் வருடக்கணக்கில் ஆகலாம் என்று அவளிடம் தெளிவாகவே சொல்லியிருந்தார்கள். ஆகவே ஆவணியில் ஒரு காலையில் போன் வந்தபோது அவள் நம்பவில்லை. ஒரு சிறுநீரகம் கிடைத்திருக்கிறது, பட்டியலில் முதல் ஆள் இன்னொருவர், அவருக்குப் பொருந்தாவிட்டால் உங்களுக்கு, எதுவும் சாப்பிடாமல் வாருங்கள் என்றார்கள். ராஜேஷ்குமார் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

ரத்தம் எடுத்துக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். நீளமான வராந்தா. எதிர்ச் சுவரில் ஒரு மின்விசிறி வலமும் இடமும் திரும்பிக்கொண்டிருந்தது. இதே கட்டடத்திலோ வேறு ஊரிலோ ஒரு வீட்டார் இப்போது என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று நினைத்தாள். அவர்களுக்காக, கோயிலில் வேண்டிக்கொண்ட அந்த இரண்டு வரியை மனதுக்குள் சொன்னாள். திரும்பவும் சொன்னாள். சாயங்காலம் ஒருங்கிணைப்பாளர் வந்து குனிந்து, முதல் ஆளுக்கே பொருந்திவிட்டது என்றார்.

“சரி மேடம்” என்றாள் பத்மாசினி. “நல்லது. அவங்க நல்லா இருக்கட்டும்.” அதை மனதாரத்தான் சொன்னாள்.

வண்டியில் திரும்பும்போது வைகைப் பாலத்தில் போக்குவரத்து நெரிசல். பஸ்களுக்கு நடுவில் ராஜேஷ்குமார் காலை ஊன்றி நின்றான். பின்னால் அக்காவின் உடம்பு குலுங்குவது அவன் முதுகில் தெரிந்தது. பதறிப்போய் ஓரமாக ஒதுக்கி நிறுத்தினான்.

“என்னக்கா, வலிக்குதா? மயக்கம் வருதா?”

அவள் தலையை ஆட்டினாள். வாயைத் திறந்தால் சத்தம் வந்துவிடும் போலிருந்தது. துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டும் சத்தம் வந்தது. பாலத்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்பா போனபோது வராதது, மண்ணைத் தள்ளியபோது வராதது, எல்லாம் சேர்ந்து வந்தது.

“எனக்குக் கிடைச்சிரும்னு நெனச்சுட்டேன்டா” என்றாள் கடைசியில்.

ராஜேஷ்குமாருக்கும் கண் நிறைந்தது. அக்கா எதையாவது வேண்டுமென்று நினைத்து எத்தனை காலமாயிற்று என்று அவனுக்குத்தான் தெரியும். அவள் அழுது முடிக்கிற வரைக்கும் வண்டியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான்.

மறுநாள் டயாலிசிஸ் நாள். கண்ணுச்சாமிக்கு அதற்குள் விஷயம் தெரிந்திருந்தது. மெஷின் ஓட ஆரம்பித்த பிறகு, என்ன கேட்பது என்று தெரியாமல், “என்ன தங்கச்சி, இப்பிடி ஆயிருச்சே?” என்றார்.

“ஆமாண்ணே. கஷ்டமாத்தான் இருக்கு” என்றாள் பத்மாசினி. “அடுத்த தடவை பாப்போம்.”